பூவாளிக்குள் ஒரு கேமரா

கிழக்கு பெர்லினின் லிஷ்டென்பெர்க் பகுதியில், முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைச்சகமான ஸ்டாசியின் தலைமையகம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1957 முதல் 1989 வரை அமைச்சராக இருந்த எரிஷ் மீல்கேயின் அறையை, மேசை நாற்காலிகூட மாறாமல், அப்படியே காத்துவருகிறார்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது கருவிகள் இருந்த அறைதான்.

பூவாளிக்குள்ளும் சட்டைப் பொத்தானுக்குப் பின்னாலும் கேமராக்கள். இருட்டில் படமெடுப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்திய டிராபான்ட் காரின் கதவு. முதலில் அந்தத் திறமையை வியக்கவே செய்தேன். ஆனால், பூவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஒற்றர் எந்தப் பகை நாட்டுக்குள் நுழைய முடியும்? கல்லறைத் தோட்டத்துக்கோ பக்கத்து வீட்டுப் பூச்செடிகளுக்கோதானே போக முடியும் என்று தோன்றியதும், அந்த வியப்பு அடங்கிவிட்டது.

விசாரணைக்கு வந்தவர் அமர்ந்த நாற்காலியில் விரித்திருந்த துணியை, அவர் எழுந்து போனதும் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி, பெயரெழுதிப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். பின்னாளில் அரசை எதிர்க்கும் துண்டறிக்கை ஏதேனும் கிடைத்தால், மோப்ப நாயைக் கொண்டு வாடையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. தன் உடலின் வாடை எங்கோ ஓர் அலமாரியில் இருப்பதை அறியாமலே அந்த மனிதர் வீடு திரும்பி, உண்டு, உறங்கியிருப்பார்.

ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், 1989இல் ஸ்டாசிக்குச் சுமார் 91,000 முழுநேர ஊழியர்களும், அவர்களைவிடப் பெருந்தொகையாக, ரகசியமாகத் தகவல் தந்தவர்களும் இருந்தனர். ஆட்சியை எதிர்த்து இயங்கிய வேரா வோலன்பெர்கரைப் பற்றி ‘டொனால்டு’ என்ற புனைபெயரில் தகவல் தந்துவந்தவர் அவருடைய கணவரே என்பது, பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் வெளியே வந்தது. கருவிகளைக் காட்டிலும் இந்த ஒரு செய்தியே ஸ்டாசி எவ்வளவு தூரம் ஊடுருவியிருந்தது என்பதை எனக்கு உணர்த்தியது.

1990 ஜனவரி 15 அன்று மக்கள் இந்த வளாகத்துக்குள் புகுந்தனர். அதற்கு முந்தைய வாரங்களில் அதிகாரிகள் கோப்புகளை அழிக்க முனைந்து, இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல் போனபோது கையாலேயே கிழித்துச் சாக்குகளில் அடைத்தார்கள். அப்படி எஞ்சியவை 15,000 சாக்குகளுக்கும் மேல். 1995 முதல், மேசையில் துண்டுகளைப் பரப்பி, தாளின் நிறத்தையும் கையெழுத்தையும் கிழிசலின் ஓரத்தையும் பொருத்திப் பார்த்து, பக்கம் பக்கமாக ஒட்டிவருகிறார்கள். பல நூறு சாக்குகள் முடிந்திருக்கின்றன.