பீடோங் காற்றும் எங்கள் லயத்துக் கூரைகளும்

ஏப்ரல், மே மாதங்களில் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று மணிக்கு மேல் ஜெராய் மலை கறுத்து மறைந்துவிட்டால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் கொடியில் துணியை விட்டு வைக்க மாட்டார்கள். இந்த ஏப்ரலில் வந்த காற்றோ துணியோடு போகவில்லை.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். "விடியக்காலம் கடல் பக்கமிருந்து வர்ற காத்து வேற, சாயங்காலக் காத்து வேற" என்பார். உண்மைதான். இரவில் சுமத்ரா பக்கம் திரளும் மேகம் மலாக்கா நீரிணையைத் தாண்டி, விடியும் நேரத்தில் நம் மேற்குக் கரையில் வரிசை கட்டி இறங்கும். அந்தக் காற்றில் ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்ததை அம்மா பார்த்திருக்கிறார். சாயங்காலப் புயல் உள்ளூரிலேயே கிளம்புவது. பகல் சூட்டில் மேகம் உயர உயர ஏறி, மழை கொட்டத் தொடங்கும்போது குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கித் தரையில் மோதி நாலா பக்கமும் பாயும். மழைக்கு முன்னால் சில்லென்று முகத்தில் அடிக்கிறதே, அதுதான் கூரையைத் தூக்கும் காற்று.

அன்றைக்கு அந்தக் குளிர் பட்டதுமே அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார். நான் அடுப்பை அணைத்தேன். வீட்டு முன் தாழ்வாரமான அஞ்சடியின் கூரைத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது, பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் அஞ்சடிக்கு மேல் வானம் தெரிகிறது. தகரம் மரச் சட்டத்தோடு பறந்து பின் வரிசைக் கொய்யா மரத்தில் மாட்டியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அடி இல்லை, அந்த ஆத்தாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாள் பக்கத்து கம்போங்கிலிருந்து (மலாய்க் கிராமம்) மலாய்ப் பிள்ளைகள் செயின்சாவோடு வந்து, பாதையை மறித்துக் கிடந்த மரத்தை அறுத்துக் கொடுத்தார்கள். சித்தப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விழுந்த தகரத்தை அவர் புரட்டிக் காட்டினார். குடை ஆணிகள் வளையாமல் நேராக நின்றன. அவற்றைப் பிடித்திருந்த சட்டத்தை விரலால் அழுத்தினார், மாவாக உதிர்ந்தது. உள்ளே முழுக்கக் கறையான். "ஆணி என்ன செய்யும், பிடிக்க மரம் வேணாமா?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ஒவ்வொரு புயலுக்கும் பிறகு அதே இற்றுப்போன சட்டத்தில் அதே தகரத்தை வைத்து இன்னும் நாலு ஆணி அறைகிறோம். திறந்த அஞ்சடிக்குள் புகும் காற்று கீழிருந்து தள்ளும், கூரைக்கு மேலே ஓடும் காற்று இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் நேராக அடித்த ஆணி உருவிக்கொண்டு வந்துவிடும். நல்ல சட்டம் போட்டு, ரப்பர் வாஷர் வைத்த திருகாணி முடுக்கி, சட்டத்தை இரும்புப் பட்டையால் சுவரோடு கட்ட வேண்டும். ஓரத்து வரிசைக்கு ஆணி நெருக்கமாக வேண்டும், காற்று முதலில் கிளப்புவது ஓரத்தைத்தான்.

இன்னொன்று, பழைய லயங்களின் கூரை பல இடங்களில் அஸ்பெஸ்டாஸ். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடியதைப் பார்த்துப் பதறிப்போனேன். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, தடித்த பிளாஸ்டிக்கில் கட்டித் தனியாக வையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று. அடுத்தது கோயில் பக்கத்து வரிசையில் தனியாக இருக்கும் பாட்டி வீடு. மழைக்கு கேன்வாஸைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் என் வீட்டுக்காரரும் ஏறுகிறார்கள், பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். சுங்கை பட்டாணி பக்கம் யாரிடமாவது நல்ல சட்டம் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே லாரி கொண்டு வந்து ஏற்றிக்கொள்கிறோம். அக்டோபரில் மறுபடியும் காற்றுக் காலம், அதற்குள் அந்த வரிசையை முடித்துவிட வேண்டும்.