மாடிஃபை செய்த சீடியாவை விற்கப் போகிறீர்களா? முதலில் ஸ்டாக்குக்கு (கம்பெனியில் வந்த நிலைக்கு) இறக்குங்கள்

விளம்பரத்தில் ஹெடர்ஸ், காயில்ஓவர், ரீமேப், 17 இன்ச் அலாய் என்று அடுக்கினால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். "லாஸ்ட் எவ்ளோண்ணே?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் வண்டியைப் பார்க்கவே வரமாட்டார்கள். கையில் காசோடு வருகிற ஆளோ அந்தப் பட்டியலைப் படித்ததும், இஞ்சினைப் பிழிந்து எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைப்பார். மாடிஃபிகேஷனுக்குப் போட்ட பணம் வண்டி விலையில் திரும்பாது. கழற்றித் தனியாக விற்றால் ஓரளவு திரும்பும்.

2006இல் வந்த மிட்சுபிஷி லான்சர் சீடியா கார் நம்ம பக்கத்து வண்டிதான். திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானது. இப்போது அதன் முக்கியப் பிரச்சினை வயது. 15 வருடப் பதிவு முடியும்போது அதைப் புதுப்பிக்கப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. 182ஏ பிரிவில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. கலரை மாற்றியிருந்தாலும் இஞ்சினை மாற்றியிருந்தாலும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். புதுப்பிக்காத வண்டி என்றால் அந்த அலைச்சலையும் சேர்த்துத்தான் விலையில் கழிப்பார்கள். அதனால் ஸ்டாக்குக்கு இறக்கி, எஃப்.சி. முடித்து, பிறகு விளம்பரம் போடுங்கள்.

இறக்குவதில் எக்ஸாஸ்ட்தான் பெரிய வேலை. பழைய ரெசனேட்டர் (சத்தம் குறைக்கும் அறை), ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) தொலைந்துபோயிருந்தால் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய ஸ்பேர் கடைகளில் தேடலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடைப்பதுதான் கஷ்டம். உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியத்துக்காக முதலிலேயே உருவிவிடுகிறார்கள். கூடு மட்டும் இருக்கிற கன்வர்ட்டரை யாராவது தலையில் கட்டலாம், தட்டிப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு எகிறும். 2010 ஏப்ரலுக்குப் பின் சென்னையில் பதிவான பி.எஸ்.4 வண்டிக்கு வரம்பே 0.3 சதவீதம்தான்.

பிக்கிபேக் ஈ.சி.யூ. (இஞ்சின் கம்ப்யூட்டரோடு கூடுதலாக மாட்டிய பெட்டி) கழற்றும்போது வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாதீர்கள். காசிமேடு, எண்ணூர்க் காற்றில் உப்பு அதிகம். டேப்புக்குள் செம்பு பச்சை பூத்து, திடீரென்று மிஸ்ஃபயர் வரும். எங்கே என்று கண்டுபிடிக்கவே நாள் போய்விடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். அகல வீலுக்காக ஃபெண்டர் விளிம்பை மடித்திருந்தால் அங்கே பெயின்ட் வெடித்து, வெளியே தெரியாமல் உள்ளே துரு ஓடியிருக்கும். வாங்குபவர் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அறுத்த ஸ்பிரிங் இருந்தால் கண்டிப்பாக மாற்றுங்கள். காயிலின் நுனியில் ரம்ப வெட்டு தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வதைவிட கம்ப்ரஷன் சோதனைத் தாளை நீட்டுவது மேல். இஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய வேண்டும். நான்குக்கும் இடையே 10 முதல் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம் கோளாறு. டைமிங் பெல்ட் மாற்றிய பில்லையும் கூடவே வையுங்கள். ஆள் வரும் நேரத்தில் இஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பானெட்டைத் தொட்டதுமே சந்தேகம் வந்துவிடும்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு முகவரி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளம் பற்றிக் கேள்வி வராமல் இருக்காது. கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டுங்கள், சேற்றுக்கோடு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸைப் பார்த்த பிறகே சாவி. நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பணம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, ஆர்.டி.ஜி.எஸ். வங்கிப் பரிமாற்றம் அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்குகிறது, அதிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுப்பது நம்மூர்ப் பழக்கம். பெயர் மாறாமல் அந்த வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாங்குபவர் பெயரை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும், ஓடோமீட்டர் கணக்கும், இஞ்சின், சேஸிஸ் எண்களும் இருக்கட்டும். ஃபாஸ்டேகை அன்றைக்கே மூடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, உங்களுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்குத் தனிக் கடிதம் கேட்டு வாங்கினால் 3 வருடத்துக்குள் அடுத்த காரில் சேர்த்துக்கொள்ளலாம்.