வருடாந்திர டிராவல் இன்சூரன்ஸ்: பிரீமியத்தைப் பார்க்கும் முன் நாட்களை எண்ணுங்கள்

வருடாந்திர மல்டி-ட்ரிப் பாலிசி (ஒரு வருடத்தில் போகும் பல வெளிநாட்டுப் பயணங்களுக்கும் சேர்த்து ஒரே பாலிசி) வாங்கும்போது எல்லோர் கண்ணும் பிரீமியத்துக்குப் போகும், அடுத்து காப்பீட்டுத் தொகைக்கு. ஆனால் முதலில் தேட வேண்டியது, ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்பதை. இங்கே விற்பவற்றில் பெரும்பாலும் 30, 45, 60 நாள் என்று இருக்கும். 45 நாள் திட்டம் என்றால், பாலிசிக்கு இன்னும் பத்து மாதம் மிச்சமிருந்தாலும் 46-ம் நாள் கவர் கிடையாது. நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகும் அப்பா அம்மாவுக்கு இதை எடுத்துக்கொடுப்பது தண்டம். அவர்களுக்கு 180 நாள் சிங்கிள் ட்ரிப் பாலிசிதான் சரி.

சிங்கப்பூர், துபாய், கொழும்பு என்று வருடத்துக்கு ஐந்தாறு முறை நாலு நாள் போய்வருபவருக்குத்தான் இது லாபம். அதிலும் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஆசிய நாட்டுக்கு ஒரு வாரத்துக்கான சிங்கிள் ட்ரிப் பாலிசி மலிவு. இரண்டே பயணம் என்றால் தனித்தனியாக எடுப்பதே பெரும்பாலும் குறைவாக வரும். பிரீமியத்தை ஏற்றிவிடுவது அமெரிக்காவும் கனடாவும். வருடத்தில் ஒரே ஒரு அமெரிக்கப் பயணம் என்றால், அந்த இரண்டு நாடுகள் நீங்கலான வருடாந்திர பாலிசியோடு அமெரிக்காவுக்கு மட்டும் தனி பாலிசி சேர்த்தால் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு: ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) மருத்துவ கவர் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும், அந்தக் கவர் எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாக வேண்டும். மல்டிபிள் என்ட்ரி விசாவுக்கு முதல் பயணத்துக்கான இன்சூரன்ஸைக் காட்டினால் போதும்.

பிரசுரத்தில் இல்லாத விஷயங்கள் பாலிசி வேர்டிங்கில், அதாவது முழு விதிமுறைகள் உள்ள ஆவணத்தில் இருக்கும். காப்பீட்டுத் தொகை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகத் தொடங்குகிறதா, வருடம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றுதானா? பயணத்தின் நடுவில் பாலிசி முடிந்தால் என்ன ஆகும்? இவற்றைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. மார்ச் பயணத்தில் நெஞ்சுவலி வந்து சிகிச்சை எடுத்தால், பல பாலிசிகளில் ஜூன் பயணத்துக்கு அது ‘ஏற்கெனவே இருந்த நோய்’ ஆகிவிடும். பாலிசி அதேதான், ஆனால் கிளெய்ம் கிடைக்காது. சர்க்கரை, பிரஷரை மறைத்து வாங்குவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று தனித்தனி உச்சவரம்பு வைக்கும் திட்டங்களும் உண்டு. பெரிய தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, பலவற்றில் 100 டாலர். சாதாரணக் காய்ச்சலுக்கு சிங்கப்பூர் கிளினிக்கில் காட்டினால் பில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கையில் ஒரு காசும் வராது. அதற்காக டிடக்டிபிள் இல்லாத பாலிசிக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குத்தான்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவன கவுன்டரில் பி.ஐ.ஆர். படிவம் (பெட்டி வரவில்லை என்று பதிவுசெய்யும் புகார் படிவம்) வாங்குங்கள், அது இல்லாமல் கிளெய்ம் நகராது. சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு, உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்; சேதத்துக்கு 7 நாள்தான்.

வருடாந்திர பாலிசியில் கிளெய்ம் கேட்டால், இந்தப் பயணம் என்றைக்குத் தொடங்கியது என்று நிரூபிக்கச் சொல்வார்கள், நாள் கணக்குப் பார்க்க. சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதனால் போர்டிங் பாஸைக் கசக்கி எறியாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.