வாத்துக்குத் தண்ணீரை யார் பழக்கினார்கள்?

புதிதாக ஒரு வேலையில் சேர்ந்தவர் முதல் நாளிலிருந்தே தடுமாற்றம் இல்லாமல் செய்தால், தண்ணீரைக் கண்ட வாத்து போல அதில் இறங்கிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ‘லைக் எ டக் டு வாட்டர்’. பெரும்பாலும் பாராட்டாகச் சொல்வது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறவியிலேயே வந்தது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்று நம் வீடுகளில் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

நான் ஆரணிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தத் தொடரைக் கரும்பலகையில் எழுதி ஒன்பதாம் வகுப்புக்கு விளக்கியபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “டீச்சர், பொரிந்த குஞ்சை உடனே குளத்தில் விட்டால் விறைத்துச் செத்துப்போகும்” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் வாத்து மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பகுதியில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் வாத்துகள் மேய்ந்து தீர்க்கும். இரவில் வலை கட்டிப் பட்டியில் அடைப்பார்கள். விடியற்காலையில் முட்டை பொறுக்குவார்கள். அந்த வாரக் கடைசியில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவனுடைய அம்மா எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். நாட்டு வாத்துகள் முட்டையிடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அடை உட்காருவதில்லை. அதனால் முட்டையை அடைக்கோழியின் அடியில் வைக்கிறார்கள். கோழிக்குஞ்சு பொரிய 21 நாள் போதும். வாத்துக்குஞ்சுக்கு 28 நாள். கோழி தன் கணக்குக்கு மேல் ஒரு வாரம் பொறுத்து உட்கார வேண்டும். கடைசி நாட்களில் முட்டைகள் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் தெளிக்கிறார் அந்த அம்மா. தாய் வாத்தாக இருந்தால் குளத்திலிருந்து ஈர உடம்போடு வந்து உட்காரும், கோழிக்கு அந்த ஈரம் கிடையாது, அதனால் நாம்தான் தெளிக்க வேண்டும் என்றார்.

பொரிந்த குஞ்சுகள் ஒரு மூங்கில் கூடைக்கடியில், மஞ்சள் பல்பின் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. குடிப்பதற்கு ஒரு தட்டு. அலகும் மூக்குத் துளையும் முங்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், உடம்பு நனையக் கூடாது. தட்டின் நடுவே ஒரு கூழாங்கல்லைப் போட்டு ஆழத்தைக் குறைத்திருந்தார். இரண்டு மூன்று வாரம் இப்படி. தாயோடு திரியும் குஞ்சு பொரிந்த மறுநாளே நீந்தும், உண்மைதான். நீந்திவிட்டுக் கரையேறித் தாயின் அடியில் நுழைந்து சூடேறும். தாயில்லாத குஞ்சுக்குப் பஞ்சு இறகு ஊறிக் குளிர் ஏறினால் அதோடு முடிந்தது. வாத்தின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வளர்ந்த வாத்து அதில் அலகைத் தேய்த்து இறகெல்லாம் தடவிக்கொள்கிறது. அந்தப் பழக்கமும் இறகும் தேறும் வரை குஞ்சுக்குக் காவல் வேண்டும்.

பிறவி உந்துதல் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூடையிலிருந்து வெளிவந்த பிறகு அந்தக் குஞ்சுகள் கோழியின் பின்னால்தான் போகின்றன. வாய்க்கால் கரை வந்ததும் ஒன்று இறங்கும், பின்னாலேயே எல்லாம் இறங்கும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கரையோரம் முன்னும் பின்னும் ஓடி ஓடிக் கூப்பிடுகிறது. குஞ்சுகள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வளர்த்தவளுக்குத் தெரியாத ஒன்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்தத் தெரிதல் எங்கே தொடங்குகிறது? ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர், பொரிந்தவுடன் தன்னைப் பார்த்த கிரேலாக் கூஸ் என்ற பெருவாத்தின் குஞ்சுகள் தன்னையே தாயாக ஏற்றுக்கொண்டதைப் பதிவு செய்தார். காட்டு வாத்தின் குஞ்சுகளோ அவரைக் கண்டதும் மிரண்டன. அவர் தோட்டத்தில் குந்தி நகர்ந்தபடி வாத்தைப் போல இடைவிடாமல் கத்திய பிறகுதான் பின்தொடர்ந்தன. அவற்றுக்குக் குரல் முக்கியம். அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் கில்பர்ட் காட்லீப் அந்தக் குரலின் பின்னால் பல வருடங்கள் போனார். தாயின் குரலையே கேட்டிராத, இயந்திரத்தில் பொரிந்த குஞ்சும், கோழியின் அழைப்பை விட்டுத் தன் இனத் தாயின் அழைப்பை நோக்கித்தான் போகிறது. பார்த்தால் பிறவி ஞானம்தான். அவர் அதோடு விடவில்லை. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு மெல்லக் குரல் எழுப்புகிறது. அந்தக் குரல் எழாதபடி செய்து, உடன்பிறப்புகளின் சத்தமும் கேட்காமல் தனியே வைத்த குஞ்சுகளுக்குத் தாய் வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறிய முடியவில்லை. பதிவு செய்த குஞ்சுக் குரலை ஓட்டுக்குள் இருக்கும்போதே கேட்க வைத்தால் அந்தத் திறன் வந்துவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டுக்குள்ளேயே ஒரு பாடம் நடக்கிறது. வெளியே நின்று பார்க்கும் நாம் அதைப் பாடம் என்று அறியாமல் பிறவி என்கிறோம்.

எனக்கு இது வெறும் வாத்துக் கதை இல்லை. குலவித்தை கல்லாமல் பாகம் படும், அதாவது குடும்பத் தொழில் கற்காமலே கைவந்துவிடும் என்று நம்மிடையே ஒரு வழக்கு இருக்கிறது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் அந்தப் பையனைப் பற்றி, “வாத்து மேய்ப்பது அவன் ரத்தத்தில் இருக்கிறது, படிப்பு எங்கே ஏறப்போகிறது?” என்றார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. ரத்தத்தில் எதுவும் இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் பட்டியில் நிற்கிறான். எந்த வாத்து இரவில் முட்டையிடும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிறான். கூமுட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஒதுக்குகிறான். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறார்கள். வங்கி அதிகாரியின் மகள் ஆங்கிலம் பேசினால் தண்ணீரைக் கண்ட வாத்து என்கிறோம். அந்த வீட்டில் அவள் பிறந்த நாளிலிருந்து ஒலிக்கும் ஆங்கிலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அறுவடைக் காலம் வந்தால் அவன் குடும்பம் வாத்துகளோடு வேறு மாவட்டம் போய்விடும். அவனும் போவான், பாடம் விட்டுப்போகும். அவன் பின்தங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் காணவில்லை. அரசு மாணவர் விடுதியில் அவனுக்கு இடம் கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அவனுடைய அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பா செய்யாறு பக்கம் மேய்ச்சலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அவரிடமும் பேச வேண்டும்.