கடைசி இரண்டு நிமிடம்

"அந்தக் கடைசிச் சுற்று நாய்க்காகவா, எனக்காகவா?" என்று எங்கள் கால்நடை மருத்துவமனையில் நான் பயிற்சி தரும் மாணவி கேட்டாள். "இரண்டு பேருக்கும்தான்" என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாகப் பதில் வந்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மண்ணீரல் கட்டி வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிய லாப்ரடார் அது. இதயம் நின்றதும் சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் உயிர்மீட்பு முயற்சி, ஆரம்பித்தோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், எல்லாம் முறைப்படிதான். ஆனால் வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் எண் ஏறவே இல்லை. நன்றாக அழுத்தியும் வெளிமூச்சில் கரியமில வாயு ஏறாவிட்டால், ரத்தம் சரியாகச் சுற்றவில்லை என்று பொருள். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு சுற்று" என்றார். நான் மாணவிக்குக் கைகாட்டினேன்.

எப்போது நிறுத்துவது என்பது மருத்துவரின் முடிவு. யார் கை வைப்பது என்பது மட்டும்தான் என்னுடையது. இப்படிப் பிரித்துப் பேசித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் என்னை எதற்குப் பார்த்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பொம்மையில் எவ்வளவு வேண்டுமானாலும் பழகலாம். மார்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அமுக்கு, அப்புறம் முழுவதும் விரிய விடு என்று நான்தான் சொல்லித் தருகிறேன். நிஜ விலா எலும்பு கைக்கடியில் வளையும்போது வரும் பயத்தைப் பொம்மை தராது. அந்தப் பயத்தில்தான் அழுத்தம் குறைந்துபோகும். நாய்க்கு அப்போது நினைவில்லை. நாயின் சொந்தக்காரர் சேர்க்கும்போதே சிபிஆருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். "முடிந்ததெல்லாம் செய்யுங்கள்" என்றும் சொல்லியிருந்தார். சரி, அந்த எல்லாவற்றிலும் ஒரு மாணவிக்கான பாடமும் சேருமா? பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய்க் கேட்கக்கூடிய கேள்வியா அது?

இங்கே பிரிட்டனில் கால்நடை நர்ஸாகப் பதிவு செய்யும்போது, எல்லாவற்றுக்கும் மேலாக என் பராமரிப்பில் உள்ள விலங்குகளின் நலனுக்கே பாடுபடுவேன் என்று உறுதிமொழி எடுக்கிறோம். மேசையில் கிடந்த நாய் என் பராமரிப்பில் இருந்தது. அடுத்த வாரம் அவள் கைக்கு வரப்போகும் நாய் அப்போது யாருடைய பராமரிப்பிலும் இல்லை. அதன் பெயரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்திவிடலாம்.

சில வாரம் கழித்து, இரவுப் பணியில் ஒரு பூனைக்கு இதயம் நின்றது. யாரும் சொல்லுமுன் அவள் கை வைத்து, சத்தமாக எண்ணத் தொடங்கியிருந்தாள். பூனை பிழைக்கவில்லை. ஆனாலும் தயக்கமில்லாத கை. அதை என் பக்கச் சாட்சியாக வைத்துக்கொள்ள ஆசைதான். அந்த லாப்ரடார் இல்லாமலும் அவள் அப்படித்தான் செய்திருப்பாளோ என்னவோ.

மாணவர்களுக்கு முதல் சுற்றையே கொடுத்துவிடலாம், அதில் ஒளிவுமறைவு இல்லை என்று ஒருமுறை யோசித்தேன். ஆனால் பிழைக்கிற வாய்ப்பே பெரும்பாலும் அந்த ஆரம்ப நிமிடங்களில்தான் இருக்கிறது. அங்கே பழகாத கையை விடுவது அநியாயம். அதனால் இப்போதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் மாற்றிவிட்டு, பக்கத்தில் நின்று நானே எண்ணுகிறேன்.

கூட வேலை பார்ப்பவளிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். "அப்போ மூன்றாவது சுற்று யாருக்காக?" என்று கேட்டாள்.