வண்டி என் பேரில், அவசரம் யார் பேரில்?

எங்களிடம் இரண்டு பிக்கப் வண்டிகள் இருக்கின்றன. தங்கச்சிமடத்திலிருந்து மதுரை மீன் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறோம். இரண்டுக்கும் ஆர்.சி. என் பேரில்தான், பதிவான போன் நம்பரும் என்னுடையது. அதனால் நான் அடுப்படியில் நின்றாலும் சரி, கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாலும் சரி, பரமக்குடிக்கு அந்தப் பக்கம் வண்டி பறந்தால், வேகக் கேமரா பிடித்த அபராத எஸ்.எம்.எஸ். எனக்குத்தான் வரும்.

சமீபத்தில் ஒன்று வந்தது. திறந்து பார்த்தால் நம்ம வண்டிதான். கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், பம்பரில் காய்ந்துபோன எலுமிச்சையும் மிளகாயும் (இரண்டு பக்கமும் பாதுகாப்பு வேண்டும் என்பது டிரைவர் தம்பியின் கொள்கை), நம்பர் பிளேட் பளிச்சென்று. கீழே தேதி, இடம், நேரம். அனுமதித்த வேகம் 60, அளந்த வேகம் 77. ஏதோ ஒரு ஊர் முகப்பு.

தம்பியிடம் காட்டினேன். மறுத்துப் பேசவில்லை. "அக்கா, அந்த டைமைப் பாருங்க. மதுரைக்காரர் ரெண்டாவது தடவை போன் போட்ட நேரம். கிளீனர்தான் எடுத்தான். 'எங்கடா வர்றீங்க, ஏலம் முடியப்போகுது, வெரசா வாங்கடா'ன்னு ஒரே சத்தம்."

கேமரா நம்பர் பிளேட்டைப் பார்க்கிறது. போனில் கத்திய மதுரை வியாபாரியைப் பார்ப்பதில்லை. ஆனால் சட்டம் அவரைப் பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கே ஆச்சரியம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதில் 183-வது பிரிவுதான் வேகத்துக்கான தண்டனை. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்கிறவரை அப்படி ஓட்ட வைக்கிறவரும் அதில் அடக்கம். அதே பிரிவில் கடைசியாக ஓர் உட்பிரிவு: இத்தனை நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை போட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போகவே முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்கட்டச் சாட்சி. வாய்வார்த்தையாகச் சொன்னாலும் உத்தரவு உத்தரவுதானே. மீன் வியாபாரத்தில் இருக்கிற யாரும் இதைப் படித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது? 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் அபராதம். அதைக் கட்டுவது நான். மறுபடியும் மாட்டினால் லைசென்ஸைப் பிடித்து வைக்கலாம், அது தம்பியின் லைசென்ஸ். மதுரைக்காரருக்கு ஒரு பைசா செலவில்லை.

அவர் கேட்கிற நேரத்துக்குப் போக முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், இரண்டு வழிச் சாலை. 60-ல் போனால் 40 நிமிடம். 80-ல் போனால் 30 நிமிடம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிச்சம் பிடிப்பது 10 நிமிடம். அதுவும் காகிதத்தில். சத்திரக்குடி பக்கம் ஒரு வைக்கோல் லோடு முன்னால் போனால் அந்தப் பத்தும் போச்சு. 60-ல் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். 80-ல் 22. ஆடு குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இவ்வளவு தூரம் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மீன் வண்டியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பெட்டியில் ஐஸ் உருகி உப்புத்தண்ணி ரோட்டில் ஒழுகிக்கொண்டே போகும். முன்னால் போன வண்டியின் ஈரத்தில் பின்னால் வருகிறவன் பிரேக் அடிக்க வேண்டும். பைக் ஓட்டுகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கே யாருக்கும் புதிதில்லை.

"கவர்னர் இருக்கே அக்கா" என்பான் தம்பி. 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், அது 80-க்குப் பூட்டியிருக்கும். அதற்குத் தெரிந்தது அந்த ஓர் எண்தான். ஊர் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்றெல்லாம் தெரியாது. 2018-ல் மத்திய அரசு போட்ட பட்டியலில் நாலு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு 80, மற்ற சாலைகளில் 60. அந்த அறிவிப்பை 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது தனிக்கதை. எங்களுக்கு ரோட்டோரப் போர்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. போர்டை வேப்பங்கிளை மறைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

கேமராவை நான் எதிர்க்கவில்லை. முறைப்படி வைத்தால் நல்லதுதான். அந்த முறையும் எழுத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிக்கிற பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலான் வந்தால் நான் முதலில் பார்ப்பது அபராதத் தொகையை அல்ல, இந்தத் தேதிகளைத்தான்.

வேகத்தை அளப்பதில் இரண்டு விதம். ரேடார் அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. லேசர் துப்பாக்கியில் ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, தூரம் குறைவதை வைத்துக் கணக்கிடுவது இன்னொன்று. ஓரத்தில் சாய்வாக நின்று அளந்தால் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பது நமக்குச் சாதகம். இரண்டு கேமரா வைத்து, இடையில் உள்ள தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கும் சராசரி வேக முறையும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் நியாயம். ஒற்றைக் கேமரா இருக்கும் இடம் டிரைவர்களுக்கு ஒரு வாரத்தில் மனப்பாடம். அங்கே மட்டும் பூனை மாதிரி போய்விட்டு அப்புறம் மிதிப்பார்கள்.

எங்கள் தராசில் முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறைக்காரர்கள் வந்து பிடிப்பார்கள். நண்டு நிறுக்கிற தராசுக்கு இருக்கிற கட்டுப்பாடு வேகம் நிறுக்கிற கருவிக்கும் வேண்டாமா? இப்போது அதுவும் வந்திருக்கிறது. எடையளவு விதிகளின்கீழ் ரேடார் வேகமானிகளையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது 2025 ஜூலை 1 முதல் நடைமுறை.

இடையில் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு) வந்தால் தொடவே தொடாதீர்கள், பணம் போய்விடும். அரசின் பரிவாகன் தளத்துக்கு நேராகப் போய், வண்டி நம்பரையும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். எங்கள் தெருவில் இதைப் பத்துப் பேருக்காவது நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன்.

அபராதத்தைக் கட்டிவிட்டு மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, இனிமே லோடு ஏத்தி வண்டி கிளம்புற நேரத்தை நான் சொல்றேன். சேர்ற நேரத்தை நீங்க சொல்லாதீங்க. ஓட்டிட்டு இருக்கறப்ப பசங்களுக்குப் போன் போடாதீங்க, எனக்குப் போடுங்க." அவர் சிரித்தார். "ஏம்மா, மீன் கெட்டுப்போச்சுன்னா?" என்றார். மூணு மணி நேரத்தில் கெட்டுப்போகிற மாதிரியா நாங்கள் ஐஸ் போடுகிறோம்? கேட்டேவிட்டேன். பதில் வரவில்லை. 183-வது பிரிவின் அந்த உட்பிரிவை மட்டும் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது.

பரமக்குடி – ராமநாதபுரம் சாலையை நாலு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சாலை முடிந்ததும் இன்னும் அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லி அவர் போன் போடுவார், தெரியும். போடட்டும், நம்பர் என்னுடையதுதான்.