இராம்நகரில் நடந்து பார்த்த நாடகம்

செப்டம்பர் 17, அனந்த சதுர்த்தசி

காசிக்கு எதிர்க்கரையில் இருக்கும் இராம்நகரில் ஆண்டுதோறும் 31 நாட்கள் நடைபெறும், இராமாயணக் கதையை நடித்துக் காட்டும் ராம்லீலாவை இம்முறை முதல் நாளிலிருந்தே பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஊரின் ஒரு கோடியில், இராம்பாக் என்னும் மதில் சூழ்ந்த தோட்டத்தை ஒட்டி, படிக்கட்டுகளுடன் கூடிய பெரிய கல்குளமும் துர்க்கை கோயிலும் உள்ளன. இன்றைய கதை இராவணன் பிறப்பு. அவனும் அவன் தம்பியரும் தவம் செய்து வரம் பெறுவதும், அவன் தேவர்களை ஒடுக்குவதும் மாலை வெளிச்சத்தில் நடந்து முடிந்தன. இருட்டிய பிறகு கூட்டம் முழுவதும் குளத்தின் படிகளுக்கு நகர்ந்தது. நீரின் நடுவே ஆதிசேடன் மீது திருமால் பள்ளிகொண்டிருக்க, திருவடியில் இலக்குமி அமர்ந்திருக்க, கரையில் நின்று தேவர்கள் முறையிட்டார்கள். குளம் பாற்கடலாகிவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. படிகளில் நின்றவர்கள் எல்லோரும் கைகூப்பினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

மின்விளக்கு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் தீப்பந்தங்களும் மட்டுமே. காட்சி முடிந்து ஆரத்தி எடுக்கும்போது மத்தாப்பு கொளுத்துகிறார்கள். அந்தச் சில நொடிகளில்தான் முகங்கள் முழுமையாகத் தெரிகின்றன. அதுவரை குரலைக் கொண்டும் கிரீடத்தின் மினுக்கைக் கொண்டும் யார் எங்கே நிற்கிறார் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். காசி அரச பரம்பரையின் இன்றைய வாரிசு யானை மீதமர்ந்து கூட்டத்தின் பின்புறத்திலிருந்து பார்க்கிறார். அவரைக் கண்டதும் மக்கள் "ஹர ஹர மகாதேவ்" என்று முழங்குகிறார்கள், ஏனெனில் காசி மன்னரைச் சிவபெருமானின் பிரதிநிதியாகவே இவ்வூர் கருதிவந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உதித் நாராயண் சிங் காலத்தில் வேரூன்றிய இந்த நாடகம், அவருக்குப் பின் வந்த ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கின் ஆதரவில் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

செப்டம்பர் 21

இன்று வில் முறிக்கும் நாள். அயோத்தி என்று வகுக்கப்பட்ட இடம் கோட்டைக்கு அருகில் இருக்கிறது. சனகபுரி அங்கிருந்து நல்ல தொலைவு. கதையில் இராமன் எங்கே போகிறானோ அங்கே நாமும் போக வேண்டும். சித்திரகூடம், பஞ்சவடி, பம்பை, இலங்கை என ஒவ்வொன்றுக்கும் இவ்வூரில் நிலையான இடம் உண்டு. அந்த இடங்களை ராம்லீலா இல்லாத மாதங்களிலும் மக்கள் அதே பெயர்களில்தான் அழைக்கிறார்கள். "இலங்கைக்குப் பக்கத்தில் நிலம் வாங்கியிருக்கிறேன்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

நாடகம் நடக்கும் முறையை இன்றுதான் தெளிவாகக் கவனிக்க முடிந்தது. இராமாயணிகள் எனப்படும் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து, மிருதங்கம் போன்ற பக்காவஜும் தாளமும் ஒலிக்க, துளசிதாசரின் இராமாயணமான ராமசரிதமானஸை (சுருக்கமாக மானஸ்) உரத்துப் பாடுகிறார்கள். குறிப்பிட்ட அடி வந்ததும் பாட்டு நிற்கிறது. வியாசர் எனப்படும் இயக்குநர் கையில் உரையாடல் ஏட்டுடன் எழுந்து, "சுப் ரஹோ! சாவதான்!" என்று குரல் கொடுக்கிறார். அமைதி, கவனம் என்ற அந்த இரண்டு சொற்களுக்கு அத்தனை பெரிய கூட்டமும் கட்டுப்பட்டு அடங்குகிறது. பிறகு நடிகர் ஒவ்வோர் அசையையும் தனித்தனியே நீட்டி, தொலைவுக்கு எறிவதுபோலப் பேசுகிறார். முதலில் அது செயற்கையாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் நான் நின்ற இடத்துக்கும் மேடைக்கும் இடையே இருந்த தூரத்தை எண்ணிப் பார்த்தபோது, ஒலிபெருக்கியின்றித் திறந்தவெளியில் ஒரு சிறுவனின் குரல் கடைசி வரிசையை எட்ட வேண்டுமானால் வேறு எப்படியும் பேச முடியாது என்பது விளங்கியது. பேச்சு முடிந்ததும் மீண்டும் பாட்டு. கதையைத் தாங்கிச் செல்வது அந்தப் பாட்டுதான். நடிப்பு அதனிடையே திறக்கும் சன்னல்கள்.

வில் முறிந்ததை நான் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர்களின் தோள்கள் மறைத்தன. பீரங்கி வெடித்தது, மரங்களிலிருந்து பறவைகள் கலைந்தன, "போல் ராஜா ராமச்சந்திர கீ ஜெய்" என்ற முழக்கம் முன்னிருந்து பின்னோக்கிப் பரவி என்னையும் வந்து சேர்ந்தது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் விரித்திருந்த மானஸின் மேல் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, இராமாயணிகளோடு சேர்ந்து அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார். நாள் தவறாமல் வருபவர்களை இங்கே நேமி என்கிறார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திலகம், கையில் தடி, லேசான அத்தர் மணம் இவற்றைக் கொண்டு அவர்களை எளிதில் அடையாளம் காணலாம். "கண்ணால் பார்க்க ஓடாதே மகனே, காதால் கேள், பார்ப்பதற்கு ஆரத்தி இருக்கிறது" என்றார் அந்தப் பெரியவர்.

செப்டம்பர் 25

இந்தக் குறிப்புகளில் மிக நீளமாக எழுத வேண்டிய நாள் இது. இராமன் காடு செல்கிறான்.

மரவுரி தரித்த மூவரும் அயோத்தி மேடையிலிருந்து இறங்கியதும், காட்சிக்கும் கூட்டத்துக்கும் இடையே இருந்த எல்லை அழிந்தது. அவர்கள் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். நாங்கள் பின்னாலும் பக்கத்திலும் நடந்தோம். மாடிகளிலும் வாசல்களிலும் நின்றவர்கள் பூ இறைத்தார்கள். ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே என் முன்னால் நடந்தார். கதையில் அயோத்தி மக்கள் இராமனைப் பிரிய மனமில்லாமல் ஊர் எல்லை தாண்டிப் பின்தொடர்கிறார்கள் அல்லவா, அந்த மக்களாக நடிக்க இங்கே தனியாக ஒருவரும் நியமிக்கப்படவில்லை. அவர்கள் நாங்கள்தான். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, வசனம் கொடுக்கவில்லை, முகமூடி அணிவிக்கவில்லை. நடந்தோம், அதனால் அயோத்தி மக்கள் ஆனோம்.

பார்வையாளரை நாற்காலியிலிருந்து எழுப்பி நாடகத்துக்குள் இழுத்துக்கொள்ளும் முயற்சிகள் இன்று உலகின் பெருநகரங்களில், பூங்காக்களிலும் கைவிடப்பட்ட கிடங்குகளிலும் நடக்கின்றன. அவற்றில் சிலவற்றை நானும் பார்த்திருக்கிறேன், விருப்பத்தோடுதான் பார்த்தேன். ஆனால் அங்கே ஒவ்வொரு வியப்பும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டு எனக்கு வழங்கப்பட்டது. இங்கே வியப்பே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்த கதைக்குள் கால் வலிக்க நடந்து போவதில் கிடைக்கும் அனுபவம், தெரியாத கதையால் திடுக்கிடுவதைவிட ஆழமானது என்று உறுதியாகச் சொல்வேன். 1960களிலேயே சூழல் சார்ந்த அரங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிய அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னர், 1970களில் இராம்நகருக்கு வந்து இதைப் பார்த்து, பிறகு பல ஆண்டுகள் இதைப் பற்றி விரிவாக எழுதியதில் வியப்பில்லை. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில், இரவெல்லாம் கூத்து பார்த்த ஊரே பதினெட்டாம் போர் நாளன்று படுகளத்துக்குத் திரண்டு, மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனனைச் சூழ்ந்து நிற்கிறதே, அதையும் இந்த நடையோடு சேர்த்துத்தான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஊர் தாண்டியதும் பாதை சேறாக இருந்தது. மகுடம் அணிந்திருக்கும் வேளையில் சிறுவர்களைச் சுவரூபங்கள், அதாவது தெய்வத்தின் உருவங்கள் என்றே எல்லோரும் நடத்துகிறார்கள்; காட்சிக்கு வெளியே அவர்களைத் தோளில் சுமந்து செல்கிறார்கள். இன்றோ அவர்கள் நடக்க வேண்டிய நாள். குரல் உடையாத பிராமணச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, லீலாவுக்கு முன்பே பல வாரங்கள் ஒன்றாகத் தங்க வைத்துப் பயிற்றுவிக்கிறார்கள். ஆரத்திக்காக நின்றபோது நான் மிக அருகில் இருந்தேன். சீதையாக நின்ற சிறுவனின் கன்னங்களில் சின்னஞ்சிறு மினுக்குப் பொட்டுகளைக் கொடி போல ஒட்டியிருந்தார்கள். பாதங்களில் செம்பஞ்சுக் குழம்பு, அதன்மேல் கணுக்கால் வரை சேறு. மத்தாப்பின் புகை நேராக முகத்தில் அடித்தபோதும் அவன் இமைக்கவில்லை.

அக்டோபர் 8

இன்று சேதுபந்தனம், அதாவது இலங்கைக்குக் கடலில் அணை கட்டும் நாள். வட இந்தியச் சிற்றூர் ஒன்றின் வெளியில் இராமன் இராமேசுவரத்தில் சிவலிங்கம் நிறுவிப் பூசிப்பதைப் பார்த்தேன். இராமேசுவரத்திலிருந்து வந்து காசியில் கங்கை நீர் எடுத்துக்கொண்டு திரும்பும் யாத்திரிகர்களைப் படித்துறைகளில் எப்போதும் காண்கிறேன். அவர்களுள் ஒரு தமிழ்க் குடும்பம் இன்று கூட்டத்தில் இருந்தது. பூசை தொடங்கியதும் அந்த வீட்டு அம்மா, "நம்ம ஊருக்கே வந்துட்டாங்க பாருங்க" என்று கணவரிடம் சொன்னார். மற்றபடி இன்று சொல்வதற்கு அதிகமில்லை.

அக்டோபர் 12, விசயதசமி

சில நாட்களில் ஆயிரம் பேர்கூடச் சேராத இதே லீலாவுக்கு, பெரிய நாட்களில் இலட்சம் பேர் வரை வருவார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இன்று பெரிய நாள். கோட்டையில் ஆயுத பூசை முடித்து யானைகளின் அணிவகுப்போடு புறப்பட்ட மன்னர், இலங்கை மைதானத்துக்கு வந்து போர்க்களத்தின் ஊடாகச் சென்று, நிற்காமல் திரும்பிவிட்டார். ஓர் அரசன் வீழ்வதை இன்னோர் அரசன் இருந்து பார்க்கலாகாது என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

இராவணன் வீழ்ந்த விதம் என்னை உலுக்கியது. அம்பு பட்டதும் அலறலோ உருளலோ இல்லை. இராவணனாக நடித்தவர் பத்துத் தலை முகமூடியைக் கழற்றிவிட்டு, இராமனாக நின்ற சிறுவனின் பாதங்களில் விழுந்து வணங்கினார். அகந்தை கழன்றது, அவ்வளவுதான். மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த பேருருவத்துக்கு இரவில் தீ மூட்டினார்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்காகவே காத்திருந்தார்கள்.

ஒன்றை வருத்தத்தோடு எழுத வேண்டும். இங்கே படம் எடுக்கக் கூடாது என்பது விதி. மற்ற நாட்களில் நேமிகளே அதைக் காக்கிறார்கள். இன்று வெளியூர்க் கூட்டம் கைப்பேசிகளை உயர்த்தியபோது அந்த நீலநிற வெளிச்சங்களுக்கு முன்னால் தீப்பந்தங்கள் மங்கிப்போயின. விதியை மீறியது மட்டுமல்ல இதில் உள்ள குறை. இருட்டுக்குப் பழகிய கண்தான் இந்த நாடகத்தின் அரங்கம். ஒருவர் திரையை ஏற்றினால் சுற்றியுள்ள இருபது பேர் அந்த அரங்கை இழக்கிறார்கள்.

அக்டோபர் 14

பரத மிலாப், அதாவது காட்டிலிருந்து திரும்பும் இராமனோடு பரதன் மீண்டும் சேரும் நாள். இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் புட்பக விமானம் என்பது சக்கரங்கள் பூட்டிய, இரண்டு தளங்கள் கொண்ட உயரமான தேர். அதை இழுப்பவர்கள் பார்வையாளர்கள். நானும் சிறிது தூரம் வடம் பிடித்தேன். ஊர்ச் சதுக்கத்தில் நள்ளிரவை நெருங்கும் வேளையில் நான்கு சகோதரர்களும் தழுவிக்கொண்டார்கள். உரையாடல் ஏதும் இல்லை. பதினான்கு ஆண்டுப் பிரிவு என்று கதை சொல்கிறது. இடையில் இத்தனை இரவுகள் நடந்த கால்களோடு நின்றவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 16

பட்டாபிடேக இரவு முழுவதும் அயோத்தி மேடையில் தரிசனம் தொடர்ந்தது. விடியற்காலை ஆரத்திக்காக இருட்டிலேயே தெருக்கள் நிரம்பிவிட்டன. மற்ற நாட்களில் யானை மீது வரும் மன்னர், இன்று கோட்டையிலிருந்து வெறுங்காலுடன் நடந்து வந்தார். முதல் ஒளி படர்ந்த அதே நேரத்தில் மத்தாப்புகள் எரிந்தன. நாள்தோறும் மத்தாப்பு அணைந்ததும் முகங்கள் இருளில் மறைந்துவிடும். இன்று அது அணைந்த பிறகும் சீதை, நான்கு சகோதரர்கள் என ஐவரின் முகங்களும் தெரிந்துகொண்டே இருந்தன, ஏனெனில் பொழுது விடிந்திருந்தது. தூங்காத கண்களுடன் அந்தச் சிறுவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் இராம்பாக் தோட்டத்தில் அரசனான இராமன் உலாவி, சனகாதி முனிவர்களைச் சந்தித்து, நகர மக்களுக்கு உபதேசம் செய்தான். போரும் இல்லை, பயணமும் இல்லை. கூட்டம் மிகக் குறைவு. மரங்களுக்கு அடியில் புல்மீது உட்கார்ந்து, ஒரு சிறுவன் நல்லாட்சியையும் பக்தியையும் பற்றிப் பேசுவதை முதியவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். பரபரப்பான நாட்களுக்கு மட்டும் வருபவர்கள் இந்த மாலையைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 17, கோட் விதாய்

கடைசி நாள், கோட்டையில் விடைபெறும் நாள். சுவரூபங்கள் ஐவரும் யானைகள் மீது கோட்டைக்கு வந்தார்கள். மன்னர் அவர்களின் பாதங்களைக் கழுவி, மாலையிட்டு, ஆரத்தி எடுத்து, விருந்து படைத்தார். அவர்கள் நிதானமாக உண்ண, இராமாயணிகள் உத்தர காண்டத்தின் எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தார்கள்.

வெளியே வரும்போது நேமிப் பெரியவரைச் சந்தித்தேன். முழு லீலாவையும் கேட்டுவிட்ட மகிழ்ச்சியைச் சொன்னபோது அவர் மறுத்தார். காட்சிகள் தொடங்குவதற்குக் கிட்டத்தட்டப் பத்து நாட்கள் முன்பே இராமாயணிகள் அமர்ந்து பால காண்டத்தின் முதல் 175 தோகாக்கள் (இரண்டடிப் பாடல்கள்) வரை படித்துவிடுகிறார்களாம். அப்போது வேடமும் இல்லை, விளக்கும் இல்லை, கேட்பதற்கு விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே வருவார்களாம். "அதையும் கேட்டால்தான் முழு லீலா. அடுத்த ஆண்டு ஆவணியிலேயே வா, உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன், ஆனால் மானஸை நீதான் கொண்டுவர வேண்டும்" என்றார். தேவநாகரியில் வேகமாகப் படிக்க எனக்கு இன்னும் வராது. ஆண்டு முழுவதும் இருக்கிறது. நாளை முதல் பால காண்டத்தைத் தொடங்குகிறேன்.